திரைச்சீலைக்குப் பின்னிருந்து வந்த குரல்

மனோரமாவின் இயற்பெயர் கோபிசாந்தா. 1937 மே 26 அன்று மன்னார்குடியில் பிறந்தார். தந்தை காசி கிளாக்குடையார் மறுமணம் செய்துகொண்டு விலகிப் போக, தாய் ராமாமிர்தம் கைக்குழந்தையோடு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தார். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் வேலை பார்த்தும், பலகாரம் சுட்டு விற்றும் மகளை வளர்த்தார். தாயின் உடம்பு முடியாமல் போனபோது மகளின் படிப்பு பாதியில் நின்றது. அப்போது அவருக்கு வயது பதினொன்றோ பன்னிரண்டோ. அவரும் ஒரு வீட்டில் வேலைக்குப் போனார். பின்னாளில் திரையில் எண்ணற்ற வேலைக்காரிகளாக வந்தவர், அந்த வேடத்தை வெளியிலிருந்து பார்த்துக் கற்றவர் இல்லை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கும் கையும் எஜமானியின் முகத்தைப் படிக்கும் கண்ணும் அந்த வயதிலேயே படிந்தவை.

பாட்டு அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. பள்ளத்தூரில் ஒருமுறை 'அந்தமான் காதலி' என்ற நாடகம் போட்டார்கள். பெண் வேடம் கட்டியவர் ஒரு ஆண், அவருக்குச் சரியாகப் பாட வரவில்லை. ஊரில் நன்றாகப் பாடும் சிறுமி என்று பெயர் எடுத்திருந்த கோபிசாந்தாவை அழைத்துவந்து திரைச்சீலைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். மேடையில் ஆண் வாயசைக்க, உள்ளிருந்து சிறுமியின் குரல் வந்தது. சபையோர் கேட்டது அந்தக் குரலை மட்டும்தான், ஆளை அல்ல. அவர் மேடை வாழ்க்கை இப்படித்தான் தொடங்கியது. அடுத்து 'யார் மகன்' நாடகத்தில் முகத்தோடு மேடையேறினார். அந்த நாடகக் குழுவைச் சேர்ந்த இயக்குநர் திருவேங்கடமும் ஆர்மோனியக் கலைஞர் தியாகராஜனும் அவருக்கு மனோரமா என்று பெயர் வைத்தார்கள்.

மதுரை, திண்டுக்கல், காரைக்குடி, புதுக்கோட்டை என்று நீளும் இந்த நிலப்பகுதியில், நாடகம் என்றால் சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த ஸ்பெஷல் நாடகம்தான் சனங்களின் நினைவுக்கு வரும். திண்டுக்கல்லைச் சுற்றியிருக்கிற வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டை, வத்தலக்குண்டுப் பக்கத்துக் கிராமங்களில் மாசி, பங்குனியில் அம்மன் கோயில் திருவிழா சாட்டினால் நாடகத்துக்கும் வரி பிரிப்பார்கள். நகரத்தில் நாடக நடிகர்களுக்குச் சங்கம் உண்டு. நாயகனான ராஜபார்ட் ஒரு ஊர், நாயகியான ஸ்திரீபார்ட் ஒரு ஊர், கோமாளியான பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் வேறு ஊர் என்று தனித்தனியாகத் தேதி வாங்கி, நோட்டீஸில் எல்லாருடைய படத்தையும் போட்டு ஒட்டுவார்கள். ஒத்திகை கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல், அதுவரை சேர்ந்து நின்றிராதவர்கள்கூட 'வள்ளி திருமண'த்தை ஆரம்பித்து விடியும்வரை நடத்திக் கொடுப்பார்கள். கதை எல்லாருக்கும் தெரியும், பாட்டு எல்லாருக்கும் மனப்பாடம். மீதமெல்லாம் அந்த இடத்தில், அந்த நொடியில் எதிராளி வாயைப் பார்த்துப் பதில் சொல்லும் சாமர்த்தியம்.

அந்தச் சாமர்த்தியத்தின் முழு வீச்சையும் பார்க்க வேண்டுமானால் கதை தொடங்குவதற்கு முந்தைய பபூன், டான்ஸ் காமிக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். பபூன் முதலில் வந்து சபைக்கு வணக்கம் சொல்லி, பாடி, ஊர்ப் பெரியவர்களைக் கிண்டல் செய்து ஒரு சுற்று முடிப்பார். பிறகு டான்ஸ் காமிக் பெண் சினிமாப் பாட்டுக்கு ஆடிக்கொண்டே வருவார். ஒருவரை ஒருவர் பார்க்காமல் பின்னோக்கி நகர்ந்து மேடை நடுவில் இருவரும் முதுகோடு முதுகு மோதிக்கொள்வார்கள். ஆல்ரவுண்ட் என்ற தாளக்கருவிகளை வாசிப்பவர் அந்த மோதலுக்கு ஒரு அடி போடுவார். யார் இடித்தது என்ற சண்டையில் ஆரம்பித்து, நீ யார், எந்த ஊர், பெண்பிள்ளை ராத்திரி நேரத்தில் தனியாக ஏன் வந்தாய் என்று வாக்குவாதம் வளரும். பெண் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு படி மேலேயே பதில் சொல்வார். ஆண்கள் பக்கம் விசில் பறக்கும். ஒரு ஓரத்தில் பிள்ளைகளை மடியில் போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

சிரித்த அதே பெண்கள், மேடையில் பேசிய அந்தப் பெண்ணைத் தங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காரவைக்கத் தயங்குவார்கள். பொது இடத்தில் அந்நிய ஆணோடு வாயாடும் பெண்ணை ஊர் ரசிக்கும், மதிக்காது. அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் மதுரையை மையமாக வைத்து ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு ஆண்டுக்கணக்கில் பழகி 2005-இல் வெளியிட்ட நூல் முழுக்க இந்த அவப்பெயரைப் பற்றியதுதான். நாடகக்காரிகள் மேடைக்கு வெளியே எவ்வளவு அடங்கி நடக்கிறார்கள், பயணத்தில் எப்படிப் போர்த்திக்கொள்கிறார்கள், கண்ணில் படாமல் எப்படி வந்துபோகிறார்கள் என்பதை அவர் கூர்ந்து எழுதியிருக்கிறார். சிரிக்கவைக்கும் பெண்ணாக வாழ்வதன் விலை என்ன என்பது இந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்த எந்த மேடைப் பெண்ணுக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மனோரமா பின்னாளில் சினிமாவில் அடைந்த உயரத்தை இந்தத் தரையிலிருந்து அளந்தால்தான் சரியான அளவு கிடைக்கும்.

அவருக்கு முன்பும் தமிழ்த் திரையில் நகைச்சுவை நடிகைகள் இருந்தார்கள், நன்றாகவே இருந்தார்கள். என்.எஸ். கிருஷ்ணனோடு டி.ஏ. மதுரம், காளி என். ரத்தினத்தோடு சி.டி. ராஜகாந்தம், கே.ஏ. தங்கவேலுவோடு எம். சரோஜா. 1941-இல் வந்த 'சபாபதி'யில் ராஜகாந்தத்தின் வாய்த்துடுக்கு இன்றைக்கும் சலிக்காது. 'கல்யாணப் பரிசு' படத்தில் சரோஜா முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் விதத்தில்தான் தங்கவேலுவின் புளுகுக்கே ருசி. ஆனால் மூவரும் ஜோடியாகவே அறியப்பட்டவர்கள். கணவனோ கூட்டாளியோ ஆன ஒரு நகைச்சுவை நடிகரின் மறுபாதியாக வந்தார்கள். அவர் ஓய்ந்தபோது இவர்களுக்கும் வேலை குறைந்தது. தனிப்பெயரில், எந்த ஆணோடும் நிரந்தரமாகச் சேராமல், நகைச்சுவையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் அரை நூற்றாண்டு நிற்க முடியும் என்பதை முதலில் காட்டியவர் மனோரமா.

சினிமாவுக்கு முன்னால் அவர் வைரம் நாடக சபாவில் நடித்தார். பிறகு சேடப்பட்டிக்காரரான எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் சேர்ந்து 'மணிமகுடம்' போன்ற நாடகங்களில் கதாநாயகியாகவே நடித்தார். அது திராவிட இயக்கம் நாடகத்தின் தோளேறி ஊர் ஊராகப் போன காலம். சி.என். அண்ணாதுரையோடும் மு. கருணாநிதியோடும் அவர் மேடையில் நடித்தது அந்தக் காலத்தில்தான். திரைக்கு அழைத்து வந்தவர் கண்ணதாசன். 1958-இல் அவர் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் மனோரமாவுக்குக் கொடுத்தது நகைச்சுவை வேடம். நாயகன் டி.ஆர். மகாலிங்கம், நிலக்கோட்டைச் சமவெளியை அடுத்த சோழவந்தான் தென்கரைக்காரர், அவரும் நாடகத்திலிருந்து வந்தவர். மேடையில் கதாநாயகியாக இருந்தவருக்குக் காமெடி வேடம் என்றதும் மனம் ஒப்பவில்லை. உன்னால் முடியும், கதாநாயகியாக இருந்தால் சில வருடத்தில் காணாமல் போய்விடுவாய் என்று கண்ணதாசன் தேற்றியதாக அவரே பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். 1963-இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகி வேடமும் கிடைத்தது. ஆனால் கண்ணதாசனின் கணக்குத்தான் சரியாக இருந்தது.

1964-இல் நாடகத்தில் உடன் நடித்த எஸ்.எம். ராமநாதனை மணந்தார். இரண்டே ஆண்டுகளில் அந்த மணம் முறிந்தது. ஒரு மகன், பூபதி. தாயின் கதை மகளுக்கும் வந்து சேர்ந்தது. வேறுபாடு, மகளின் கையில் தொழில் இருந்தது என்பது. ராமாமிர்தம் பேரனைப் பார்த்துக்கொள்ள, மனோரமா ஸ்டுடியோவுக்குப் போனார்.

அறுபதுகளின் பிற்பாதிதான் அவருடைய கலை முழு உருவம் எடுத்த காலம். அந்தக் கலையின் வேர் காதில் இருந்தது. நாகேஷுக்கு உடம்பு எப்படியோ, மனோரமாவுக்குப் பேச்சு அப்படி. 1967-இல் 'அனுபவி ராஜா அனுபவி'யில் தூத்துக்குடித் தமிழ். அடுத்த ஆண்டு 'பொம்மலாட்ட'த்தில் சோவோடு மெட்ராஸ் பாஷை. அந்தப் படத்தில் அவரே பாடிய 'வா வாத்தியாரே ஊட்டாண்ட' பாட்டு வி. குமாரின் இசையில் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போனது. மெட்ராஸைக் கண்ணால் பார்த்திராத திண்டுக்கல் பெண்பிள்ளைகளும் அதைப் பாடிக்கொண்டு திரிந்தார்கள். பிறகு பிராமண வீட்டுப் பேச்சு, கொங்குப் பேச்சு, செட்டிநாட்டுப் பேச்சு. செட்டிநாட்டில் பெரிய வீட்டுப் பெண்களைக் கூப்பிடும் 'ஆச்சி' என்ற சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. எந்த ஆச்சிமார் வீட்டில் தாயும் மகளும் வேலை பார்த்தார்களோ அந்த வீட்டின் மரியாதைச் சொல், கடைசியில் வேலைக்காரியின் மகளுக்குப் பட்டமாயிற்று.

வட்டார வழக்கைச் சினிமாவில் பேசியவர்கள் பலர். பெரும்பாலானவர்கள் அந்த வழக்கின் நாலு சொல்லைப் பொறுக்கி எடுத்து, அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிச் சிரிப்பு வாங்குவார்கள். மனோரமா சொல்லை விட்டுவிட்டு இழுவையைப் பிடிப்பார். ஒரு ஊர்ப் பெண் கோபத்தில் எங்கே மூச்சை நிறுத்துகிறாள், வெட்கத்தில் எந்த எழுத்தை விழுங்குகிறாள், வம்பு பேசும்போது எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறாள் என்பதெல்லாம் அவர் காதில் பதிந்திருந்தன. அந்த ஊர்க்காரர்களே கேட்டு, நம்ம வீட்டுச் சித்தி பேசுகிற மாதிரி இருக்கிறதே என்று வியந்ததற்கு இதுதான் காரணம்.

1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' இந்தத் திறமைக்கு வாய்த்த உச்சம். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் 'ஆனந்த விகட'னில் எழுதிய தொடர்கதை அது. படமாக்கிய ஏ.பி. நாகராஜன் தானே நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். மனோரமாவுக்குக் கிடைத்தது ஜில் ஜில் ரமாமணி என்ற நாடகக்காரி வேடம். நாடகக்காரி ஒருத்தி, நாடகக்காரியாகவே நடிக்க, நாடகக்காரர் ஒருவர் இயக்குகிறார். மூன்று பேருக்கும் இந்த உலகத்தின் மேனாமினுக்கும் தெரியும், அதன் வலியும் தெரியும். ஜில் ஜில் நடக்கும்போது மேடையில் நடப்பதைப் போலவே நடக்கிறாள். வாக்கியத்தை முடிப்பதற்கு முன்பே சிரிக்கத் தொடங்குகிறாள், வார்த்தையின் வாலை இழுத்து ஒரு நெளிப்பு நெளிக்கிறாள். எதிரில் நிற்பவர் சிவாஜி கணேசன். இறுக்கமான முகத்தோடு நாயனக்காரர் சிக்கல் சண்முகசுந்தரமாக நிற்கிறார். அவருடைய நாயனத்தைக் கேட்க வேண்டும் என்ற ஆசையை அவள் வெளியிடுகிற இடத்தில், அந்த மினுக்கெல்லாம் அப்படியே இருக்கும்போதே, கண் மட்டும் மாறுகிறது. பெரிய வித்வானுக்கு முன்னால் சின்னக் கலைஞி ஒருத்தியின் பணிவு அது. சிரித்துக்கொண்டிருந்த கொட்டகை அந்த நொடியில் அவளை மதிக்கத் தொடங்கிவிடுகிறது. டான்ஸ் காமிக் பெண்ணுக்கு ஊர் கொடுக்க மறுத்த ஒன்றை, திரையில் ஜில் ஜில் வாங்கிக்கொண்டாள்.

அந்தப் படம் டூரிங் டாக்கீஸ்களின் மணல் தரையைத் தாண்டியும் போய்ச் சேர்ந்தது. கல்யாண வீடு, காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் தென்னை மரத்திலோ புளிய மரத்திலோ குழாய் ரேடியோவைக் கட்டி 'கதை வசனம்' போடுவது இந்தப் பகுதியின் வழக்கமாக இருந்தது. 'திருவிளையாடல்' போடுவார்கள், 'தில்லானா மோகனாம்பாள்' போடுவார்கள். வானொலியிலும் ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம் வரும். படத்தைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்ட ஒரு தலைமுறையே இங்கே உண்டு. கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டே, சின்னாளபட்டியில் தறியடித்துக்கொண்டே, அடுத்த வசனத்தை முந்திச் சொன்னவர்கள் அவர்கள். முகம் தெரியாமலேயே மனோரமாவின் குரல் அவர்களைச் சிரிக்கவைத்தது. பள்ளத்தூரில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பாடிய சிறுமிக்கு இருந்த பலம் இதுதான்: முகத்தைக் கழித்துவிட்டாலும் குரலே ஆளாக நின்றது.

எழுபதுகளைப் பற்றி விரிவாகச் சொல்ல அதிகமில்லை. நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று எல்லாரோடும் நடித்தார். 1974-இல் இந்திப் படம் 'குன்வாரா பாப்'பில் மெஹ்மூதோடும் நடித்தார். ஒரே நாளில் இரண்டு மூன்று படப்பிடிப்பு என்று ஓடிய காலம் அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர் என்று 1985-இல் கின்னஸ் புத்தகத்தில் பெயர் ஏறியது. மொத்தம் 1,500 படங்கள் என்பார்கள். இந்த எண்ணிக்கையை எல்லாரும் பெருமையாகச் சொல்கிறார்கள், பெருமைதான். ஆனால் அந்தக் குவியலுக்குள் அவரை வீணடித்த படங்களே அதிகம். கதாநாயகனின் தாய் என்று அழ வைப்பார்கள், கதாநாயகியின் தோழி என்று இரண்டு காட்சி கொடுத்து அனுப்புவார்கள். அவருக்காக உட்கார்ந்து எழுதிய வசனகர்த்தாக்கள் சொற்பம். நாகேஷுக்கு 'சர்வர் சுந்தரம்', 'எதிர்நீச்சல்' என்று ஆளை நடுவில் வைத்து எழுதிய கதைகள் கிடைத்தன. மனோரமாவுக்கு அப்படி அமைந்தது அரிது. தமிழ்ச் சினிமா அவருக்குப் பட்டிருக்கும் கடனில் இதுவே பெரியது.

அமைந்த இடங்களில் அவர் விட்டுவைக்கவில்லை. 1986-இல் விசுவின் 'சம்சாரம் அது மின்சார'த்தில் வேலைக்காரி கண்ணம்மா. கிஷ்முவோடு அவர் போடும் அந்த ஒரு சண்டை, ஸ்பெஷல் நாடகத்து வாக்குவாதத்தின் சினிமா வடிவம் என்றே சொல்லலாம். எதிராளி வாயடைத்து நிற்கும்வரை கேள்வியும் பதிலும் ஏறிக்கொண்டே போகும். மூச்சு வாங்காமல், ஒரு சொல் சிந்தாமல் ஏற்றுகிறார். இங்கே வாயாடி எஜமானர் வீட்டு மானத்துக்காக வாயாடுகிறாள், அதனால் ஊர் அவளைக் கும்பிடுகிறது. 1990-இல் 'நடிகன்' படத்தில் கல்யாணமே ஆகாமல் கண்டிப்பும் கறாருமாய் வயதான ஒரு பெண்ணாக வந்தார். கிழவர் வேடத்தில் வந்திருக்கும் சத்யராஜ்மேல் அவளுக்கு ஆசை துளிர்க்கிறது. கொஞ்சம் பிசகினாலும் அருவருப்பாகியிருக்கக்கூடிய வேடம். அவர் அந்த ஆசையை மதித்தார். கண்ணாடி முன்னால் நிற்கும் கூச்சமும், காலம் கடந்து வந்த மலர்ச்சியும் பார்ப்பவருக்குச் சிரிப்போடு ஒரு பரிவையும் கொடுத்தன. நடுவயதுப் பெண்ணின் காதலைத் தமிழ்ச் சினிமா கேலிப்பொருளாக மட்டுமே வைத்திருந்த காலத்தில் அது நடந்தது.

பார்த்திபனின் 'புதிய பாதை' படத்துக்காக 1989-ஆம் ஆண்டின் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. 'சின்னத்தம்பி'யில் பிரபுவுக்குத் தாய். 1992-இல் 'சின்னக் கவுண்ட'ரில் பல்லை எடுப்பாகக் கட்டிக்கொண்டு விஜயகாந்துக்குத் தாய். அழகாகத் தெரிய வேண்டும் என்ற கவலையே இல்லாத நடிகை தமிழில் அவரைப்போல் இன்னொருவர் கிடையாது. பல் வைப்பார், கூன் போடுவார், கிழிந்த சேலை கட்டுவார். முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய கதாநாயகி வேலையிலிருந்து கண்ணதாசன் காலத்திலேயே விடுபட்டவருக்கு அந்தச் சுதந்திரம் கடைசிவரை இருந்தது.

1996 தேர்தலில் அவர் ஜெயலலிதாவுக்காகப் பிரசாரம் செய்து, ரஜினிகாந்தைக் கடுமையாகப் பேசினார். அதற்குப் பிறகு பட வாய்ப்புகள் சுருங்கின. மறுவருடம் 'அருணாசலம்' படத்தில் நடிக்க ரஜினிகாந்தே அழைத்தார். இருவருக்கும் இது பெருமை சேர்த்த நிகழ்ச்சி. 2002-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அண்ணாதுரை, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி. ராமராவ் என்று ஐந்து முதலமைச்சர்களோடு மேடையிலும் திரையிலும் நடித்தவர் என்பதை எல்லாரும் குறிப்பிடுவார்கள். அவரைப் பற்றித் தமிழில் வந்தவற்றில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பட்டியல்கள்தான். சிவாஜியின் நடிப்பையும் சந்திரபாபுவின் உடல்மொழியையும் நாகேஷின் நேரக்கணிப்பையும் வரிவரியாக அலசிய சிறுபத்திரிகை உலகம், மனோரமாவின் பேச்சை அப்படி உட்கார்ந்து கேட்டதில்லை. மொழியைப் பற்றி இத்தனை கவலைப்படுகிறவர்கள், ஐம்பது ஆண்டுகளாகத் தமிழ்ப் பெண்களின் பேச்சுவழக்குகளைத் தன் தொண்டையில் சேமித்து வைத்திருந்த ஒருவரைக் கவனிக்காமல் விட்டது பெரிய குறை. வட்டார வழக்கில் எழுதப்பட்ட நாவல்களுக்குக் கிடைத்த மரியாதை, வட்டார வழக்கைப் பேசிக்காட்டிய பெண்ணுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

கடைசி ஆண்டுகளில் நோய் அவரை முடக்கியது. 2010-இல் 'சிங்கம்' படத்தில் பாட்டியாக வந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் முத்துக்குளிக்கும் சீமையின் தமிழைத் திரையில் பேசியவர், மறுபடியும் தூத்துக்குடிப் பக்கத்துக் கதை ஒன்றில் கிழவியாக நின்றார். 2015 அக்டோபர் 10 அன்று சென்னையில் காலமானார். வயது 78.

திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் ஸ்பெஷல் நாடகம் முன்பிருந்த அளவு இல்லாவிட்டாலும் இன்றும் நடக்கிறது. ஆடலும் பாடலும், பட்டிமன்றம், பாட்டுக் கச்சேரி என்று திருவிழாப் பணத்துக்குப் போட்டி கூடிவிட்டது. டான்ஸ் காமிக் கட்டும் பெண்கள் இப்போதும் பொழுது சாய வந்து, கோயிலுக்குப் பின்னால் மறைப்புக் கட்டிய இடத்தில் வேடம் போட்டுக்கொண்டு, மேடை நடுவில் பபூனோடு மோதி, ராத்திரி முழுக்கப் பதில் சொல்லிவிட்டு, விடியற்காலையில் முகத்தைக் கழுவித் துணியைப் போர்த்திக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.